கோடு எங்கேயும் போகவில்லை

ஓர் இரும்பு ஸ்கேலை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை அதன் அளவுப் பக்கத்தில் மெல்ல ஓட்டுங்கள். நகம் ‘டிர்ர்ர்’ என்று தடுக்கித் தடுக்கிப் போகிறதா? அப்படியானால் அந்தக் கோடுகள் மையால் போட்டவை அல்ல, உலோகத்தில் வெட்டிய பள்ளங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அவை மேலே அச்சடித்த கோடுகள்.

இந்த ஒரு வித்தியாசம் மனத்தில் நின்றால் போதும், இனிச் சொல்லப்போவதெல்லாம் எளிதில் புரியும். பள்ளமாக வெட்டிய கோடு லேசில் அழியாது. பழைய ஸ்கேலைப் பார்த்து “கோடெல்லாம் போயிடுச்சு” என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அது தவறு. கோடு அங்கேயேதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு அதைப் பிரித்துக் காட்டும் ஏதோ ஒன்றுதான் போய்விட்டது. அது என்ன?

புதிய ஸ்கேலின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். அதன்மேல் விழும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் திரும்பிப் போகும். பள்ளத்துக்குள் விழும் ஒளியோ அதன் பக்கச் சுவர்களில் பட்டு வேறு திசைகளில் சிதறிவிடும். அதனால் பரப்பு வெளிச்சமாகவும் பள்ளம் இருட்டாகவும் தெரிகின்றன. இந்த வேறுபாட்டை இன்னும் கூட்டத்தான் பல தயாரிப்பாளர்கள் பள்ளத்தில் கறுப்புச் சாயத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். ஆண்டுகள் போகப்போகச் சாயம் உதிர்கிறது. பரப்பில் துரு ஏறுகிறது, பள்ளத்திலும் ஏறுகிறது. மேலேயும் பழுப்பு, உள்ளேயும் பழுப்பு. இரண்டுக்கும் நடுவே நிற வேறுபாடு இல்லாமல் போனதும் கண் தோற்றுவிடுகிறது.

ஆகவே பழைய ஸ்கேலை மீட்பதென்றால் கோட்டைப் புதிதாகப் போடுவது அல்ல. அந்த நிற வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. கோட்டின் மேல் கத்தியோ ஊசியோ வைத்துக் கீறிக் கீறித் ‘தெளிவாக்க’ முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கெடுதலை அந்தக் கருவிக்குச் செய்ய முடியாது. ஊசி ஒரு மயிரிழை விலகினாலும், உண்மையான கோட்டின் பக்கத்தில் பொய்யான ஒரு கோடு பிறந்துவிடும்.

பள்ளத்தை எப்படி வெட்டுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். மூன்று வழிகள் முக்கியமானவை. முதலாவது, கூரிய வெட்டுமுனையால் ஒவ்வொரு கோடாக உலோகத்தைச் செதுக்குவது. முனை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரு துல்லியமான திருகு முடிவுசெய்யும். இரண்டாவது, உலோகத்தின்மேல் அமிலம் தீண்டாத ஒரு பூச்சைப் பூசி, கோடு வரவேண்டிய இடத்தில் மட்டும் பூச்சை நீக்கி, அமிலத்தை அரிக்க விடுவது. மூன்றாவது, கெட்டியான எஃகு அச்சை வைத்து ஓங்கி அடிப்பது. 1, 2, 3 என்ற எண்களும் கம்பெனியின் பெயரும் பழைய கருவிகளில் பெரும்பாலும் இப்படி அடிக்கப்பட்டவைதான். செதுக்கியது, அரித்தது, அடித்தது என்ற இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். கடைசியில் ஒரு துப்பறியும் வேலைக்குத் தேவைப்படும்.

சரி, துருப்பிடித்த ஸ்கேல் ஒன்று கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். பாருங்கள், அவ்வளவுதான். ஆனால் சரியான முறையில் பாருங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கை ஸ்கேலுக்கு நேர் மேலே பிடிக்காமல், கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். சாய்ந்து வரும் ஒளியில் சிறு மேடும் பள்ளமும்கூட நீளமான நிழலைத் தரும். காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் நின்றால் உங்கள் நிழல் எவ்வளவு நீளம் என்று தெரியும் அல்லவா, காரணம் அதேதான். டார்ச்சை ஸ்கேலின் நீளவாக்கில் அடித்தால், குறுக்கே ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். விளக்கின் திசையை மாற்றினால் எண்களும் எழுத்துகளும் தெரியத் தொடங்கும். எதுவுமே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு ‘7’ மெல்லத் தோன்றும்போது வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது சாக்பீஸ். கறுத்துப்போன இரும்பின்மேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, ஒரு கெட்டியான அட்டையின் ஓரத்தால் வழித்துவிடுங்கள். பரப்பில் உள்ள தூள் போய்விடும், பள்ளத்தில் உள்ளது தங்கிவிடும். மழை நின்று வயலின் மேடு காய்ந்த பிறகும் ஏர் ஓட்டிய சாலில் மட்டும் தண்ணீர் நிற்குமே, அதே கதை. அழிந்துபோனதாக நினைத்த கோடுகள் வெள்ளை வெளேரென்று தெரியும்.

மூன்றாவது வழியில் ஸ்கேலைத் தேய்க்கவே வேண்டாம். அதன்மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் போதும். மேடெல்லாம் கறுக்கும், பள்ளம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் கோயில் சுவர்களில் மைப்படி எடுப்பதும் இந்தத் தத்துவத்தில்தான். ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளைப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்துகள் வெள்ளையாக எழும்.

இந்த மூன்றிலும் கருவியிலிருந்து ஒரு துளி உலோகம்கூடக் குறையவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் இவற்றை முதலில் செய்யச் சொல்கிறேன். எங்கே என்ன எண் இருக்கிறது, எந்த ஊரில் செய்தது என்றெல்லாம் நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு துப்புரவில் ஏதாவது தவறு நேர்ந்தாலும் பதிவு மிஞ்சும். ஆங்கிலேயர் காலத்து ஸ்கேல்களில் ஷெஃபீல்டு, பர்மிங்ஹாம் போன்ற இங்கிலாந்து நகரங்களின் பெயர்கள் இருக்கலாம். சென்டிமீட்டரே இல்லாமல் அங்குலம் மட்டும் இருந்தாலும் வியக்காதீர்கள். இந்தியாவில் மெட்ரிக் எடை, அளவுகள் நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1958 அக்டோபர் 1-ஆம் நாள்தான். தச்சுப் பட்டறைகளில் இன்றும் “நாலு நூல் விடு” என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே நாலு நூல் என்றால் அரை அங்குலம்.

இனித் துருவுக்கு வருவோம். இரும்பும் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பு இருந்தால் வேகம் கூடும். கடற்கரை ஊர்களில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதும், வியர்த்த கையால் தொட்ட ஸ்கேலில் சில நாள் கழித்து விரல்ரேகை வடிவத்திலேயே துரு தோன்றுவதும் உப்பின் வேலைதான். துருவாக மாறும்போது இரும்பு முன்னைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது உப்பி, பொருக்குப் பொருக்காக மேலெழுந்து பள்ளத்தை மூடிவிடுகிறது. அதே காரணத்தால் ஓர் ஆறுதலும் உண்டு. மேலே பயங்கரமாகத் தெரியும் துருவுக்கு அடியில் தின்னப்பட்ட இரும்பு, பார்வைக்குத் தோன்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

எளிய மருந்து வினிகர். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் இதைச் செய்யும். அது கரைந்து வந்த இரும்பு அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் செய்வதால் இன்னும் நல்லது. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தட்டில் ஸ்கேலை வினிகரில் மூழ்க விடுங்கள். அவ்வப்போது எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அமிலத்துக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. துரு தீர்ந்ததும் அது இரும்பையே தின்னத் தொடங்கும். அப்போது ஸ்கேலின்மேல் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் எழும். அது ஹைட்ரஜன் வாயு. “போதும், எடு” என்று ஸ்கேல் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததும் தண்ணீரில் கழுவி, கொஞ்சம் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கினால் மிச்சமிருக்கும் அமிலம் செயலிழக்கும். பிறகு உடனே துடைத்து உலர்த்த வேண்டும். அமிலத்திலிருந்து வெளிவந்த இரும்புக்குப் பாதுகாப்பே கிடையாது. ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மஞ்சள் பூத்துவிடும். உலர்ந்ததும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் விட்டுத் தடவுங்கள். ஒரு கடுமையான எச்சரிக்கை: கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் தொடவே கூடாது. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், வினிகரே ஆனாலும், நச்சான குளோரின் வாயு வரும்.

எல்லாக் கருவிகளையும் இப்படி ஊறவைக்க முடியாது. வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர் போன்றவற்றில் நகரும் பாகங்களும் நுண்ணிய திருகுகளும் உண்டு. அவற்றை அமிலத்தில் போட்டால் கோடு தெரியும், கருவி போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரோமியம் முலாம் பூசியவை, அலுமினிய ஸ்கேல்கள் ஆகியவற்றுக்கும் இந்த வைத்தியம் வேண்டாம்.

உப்புத்தாளைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பட்டறையில் எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான். கோட்டின் ஆழம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் பரப்பு கொஞ்சம் கீழே இறங்குகிறது, அதாவது பள்ளத்தின் ஆழம் கொஞ்சம் குறைகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் மோசம். பள்ளத்தின் இரு விளிம்புகளும் மழுங்கிவிடும். ஒரு கோட்டின் உயிரே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. சுழலும் கம்பி பிரஷ் வைத்த மெஷினைக் காட்டினால் சில நொடிகளில் ஸ்கேல் பளபளக்கும், கோடுகள் மங்கிப் போயிருக்கும். கட்டாயம் தேய்க்கத்தான் வேண்டுமென்றால், மிக மென்மையான தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு, நீளவாக்கில் லேசாக. மேடு பளிச்சென்று ஆனதும் நிறுத்திவிட வேண்டும். பள்ளத்துக்குள் மிஞ்சும் கறுப்பை விட்டுவிடுங்கள். அது நமக்கு உதவிதான்.

இப்போது சாயம் நிரப்பும் வேலை. உங்கள் வயதுக்கு ஏற்றது மெழுகு கிரையான். கறுப்புக் கிரையானைக் கோடுகளுக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து, கெட்டித் தாளை மடித்து அதன் தட்டையான பக்கத்தால் துடைத்தெடுங்கள். மென்மையான துணி ஏன் கூடாது? அது பள்ளத்துக்குள் இறங்கி, நிரப்பியதையும் துடைத்துக்கொண்டு வந்துவிடும். பெரியவர்கள் கிரையானுக்குப் பதில் எனாமல் பெயின்ட் பூசி, அது முழுதாகக் காய்வதற்கு முன் பரப்பை மட்டும் வழித்தெடுப்பார்கள். அது நெடுநாள் நிற்கும். கறுத்த கருவியாக இருந்தால் வெள்ளைச் சாயம்தான் எடுப்பாக இருக்கும்.

விளிம்பு, விளிம்பு என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நம் கண்ணுக்கு வியப்பான ஒரு திறமை உண்டு. 25 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளிகளை வைத்தால், அவற்றின் இடைவெளி சுமார் 0.07 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு கோடுகளை முனைக்கு முனை வைத்து, “நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா?” என்று கேட்டால், அதைவிடப் பலமடங்கு சிறிய விலகலை, ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக்கூட, கண் கண்டுபிடித்துவிடும். 1631-இல் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு நூலில் விளக்கிய அளவுமுறை இந்தத் திறமையைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் வெர்னியர் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்த்துத்தானே அதைப் படிக்கிறோம்? விளிம்பு மழுங்கிய கோட்டில் அந்தப் பொருத்தம் தெரியாது.

இதே திறமையை வைத்து நீங்கள் மீட்ட ஸ்கேலைச் சோதிக்கலாம். நல்ல புதிய ஸ்கேல் ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, கோட்டோடு கோடு சேருகிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள். பழைய ஸ்கேல்களின் முனை தேய்ந்திருப்பது சாதாரணம். அதனால் முனையிலிருந்து அளக்காமல் 1 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து தொடங்கிப் பிறகு ஒன்றைக் கழிப்பது நல்ல பழக்கம்.

பித்தளைக் கருவிகளுக்கு நம் வீடுகளில் பழைய மருந்து உண்டு: புளி. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடு கறையைக் கரைத்துப் பித்தளையைப் பொன்னிறமாக்கும். ஆனால் புளியோடு மண்ணையோ செங்கல் தூளையோ சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் எழுத்துக்குப் பகை. பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் பாருங்கள், தினமும் தேய்த்த பாத்திரத்தில் அது பாதி மறைந்திருக்கும். பித்தளைப் படியோ உழக்கோ இருந்து அதில் முத்திரையோ பெயரோ தெரிந்தால், வெறும் புளிக்கரைசலில் நனைத்து மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

கடைகளில் வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக்கற்களில் மட்டும் கை வைக்காதீர்கள். இரும்பு எடைக்கல்லில் ஈயம் ஊற்றிய ஒரு குழி இருக்கும். அதில்தான் அரசு முத்திரை குத்துவார்கள். துருவை எடுத்தால் எடையே குறைந்துவிடும் அல்லவா? அதைச் சரிபார்த்து மீண்டும் முத்திரையிடும் உரிமை சட்டப்படி அதற்கான அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு.

இதுவரை பார்த்தவை துரு மூடிய கோடுகள். கருவி முழுவதுமே துருவாகவோ களிம்பாகவோ மாறிவிட்டால்?

கிரேக்க நாட்டில் ஆன்டிகிதெரா என்ற தீவின் அருகே, கடற்பஞ்சு எடுக்கக் கடலில் மூழ்குபவர்கள் 1900-இல் ஒரு பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு மேலே கொண்டுவந்த பொருள்களுக்கு நடுவே, பச்சைக் களிம்பேறிய வெண்கலக் கட்டி ஒன்றும் இருந்தது. 1902-இல் அதற்குள் ஒரு பற்சக்கரம் தெரிவதைக் கவனித்தார்கள். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் கடலுக்குள் கிடந்த அது, சூரியன், சந்திரன் இருக்கும் இடத்தையும் கிரகணம் வரும் காலத்தையும் கணக்கிட்டுக் காட்டிய கருவி. இன்று 82 துண்டுகளாக ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வட்டங்களில் நுண்ணிய பாகக் கோடுகளும், ஒன்றரை மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன.

அதை வினிகரில் போட முடியுமா? போட்டால் கருவியே கரைந்துபோகும். வெண்கலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே களிம்பாக மாறிவிட்டது. எழுத்துகள் பொறித்திருப்பது அந்தக் களிம்பில்தான். களிம்பை நீக்கினால் எழுத்தும் கூடவே போகும். ஆகவே அறிஞர்கள் தொடாமல் படிக்க வழி தேடினார்கள். 2005-இல் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, எட்டு டன் எடையுள்ள எக்ஸ்-ரே இயந்திரத்தை இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸுக்கே கொண்டுபோய், ஒவ்வொரு துண்டின் உட்புறத்தையும் அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் முறைதான், அதைவிடப் பலமடங்கு நுட்பமாக. களிம்புக்குள் புதைந்திருந்த எழுத்துகள் கணினித் திரையில் தெரிந்தன. மற்றொன்று உங்களுக்கு இப்போது நன்றாகப் புரியும். துண்டை அசைக்காமல் வைத்து, சுற்றிலும் பல விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் படங்கள் எடுத்தார்கள். கணினி அவற்றை ஒன்றாகச் சேர்த்ததும், ஒளி எந்தப் பக்கமிருந்து விழவேண்டும் என்று நாமே மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது. நீங்கள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தீர்களே, அதன் முழு வளர்ச்சி இது. இன்றைக்கு 3,000-த்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் படிக்கப்பட்டுள்ளன. கிரகணங்களைக் காட்டும் சுருள்வட்டத்தில் 223 மாதங்களுக்கான கட்டங்கள் இருந்தன என்பதும் உறுதியாகியிருக்கிறது.

இன்னொரு படி மேலே போவோம். பள்ளமே இல்லாமல் அரத்தால் ராவி எடுத்துவிட்டால்? அப்போதும் சில சமயம் படிக்கலாம்! முன்பு சொன்ன மூன்று வழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சை வைத்து அடிக்கும்போது பள்ளம் விழுவதோடு வேலை முடிவதில்லை. அதற்கு அடியிலுள்ள உலோகப் படிகங்களும் நசுங்கி, வரிசை குலைந்து, இறுகிப்போகின்றன. மேலேயுள்ள பள்ளத்தைத் தேய்த்து எடுத்தாலும், நசுங்கிய பகுதி அடியில் மிஞ்சியிருக்கும். தடய அறிவியல் ஆய்வகங்களில் அந்த இடத்தை வழவழப்பாக்கி, தகுந்த அமிலக் கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை. அந்த வேறுபாட்டில் அழித்த எண் தெரியத் தொடங்கும். திருட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு ஸ்கேலில் அமிலத்தால் அரித்து உண்டாக்கிய கோட்டை முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அரிக்கும்போது உலோகத்தை யாரும் நசுக்கவில்லையே! அடித்த எண் மறைந்த பிறகும் சாட்சி விட்டுப்போகும், அரித்த கோடு விட்டுப்போகாது.

கடைசியாக ஒரு கேள்வி. கோடு தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றால்? நம் தஞ்சாவூரில் நடந்த கதை இது.

1802-இல் வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் சென்னை பரங்கிமலை அருகே முக்கோணங்களுக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அவரிடம் லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட் என்ற கோணமானி இருந்தது. எடை அரை டன். அதன் கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி. இவ்வளவு பெரியதாக ஏன்? நாமே கணக்குப் போடலாம். அந்த வட்டத்தின் சுற்றளவு சுமார் 2,873 மில்லிமீட்டர். அதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குக் கிடைப்பது 8 மில்லிமீட்டர்தான். பாகையை 60 நிமிடங்களாகப் பிரித்தால் ஒரு நிமிடத்துக்கு 0.13 மில்லிமீட்டர். அந்த நிமிடத்தையும் 60 வினாடிகளாகப் பிரித்தால் ஒரு வினாடிக் கோணத்துக்கு 0.0022 மில்லிமீட்டர். வட்டம் சிறிதாக இருந்தால் இந்த இடைவெளிகளை நினைத்தே பார்க்க முடியாது.

1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு ஒன்று அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. வட்டம் நெளிந்துபோனது. கோடுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் வட்டமே வட்டமாக இல்லையே! லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்தார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. தட்டையான பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டி, நெளிந்த வட்டத்தை அதனோடு பொருந்தும் வரை ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது. மோதலிலிருந்து மீண்ட அந்தக் கருவியால் பிறகும் பல ஆண்டுகள் தென்னிந்தியாவை அளந்தார்கள்.

இப்படிப்பட்ட வட்டத்தில் சில கோடுகள் சற்று விலகித்தான் இருக்கும். அதற்கு அளவையாளர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் பலமுறை படித்துச் சராசரி எடுப்பார்கள். ஓரிடத்துக் கோடு கூட்டிக் காட்டினால் இன்னோரிடத்துக் கோடு குறைத்துக் காட்டும், பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த அளவைப் பணிக்குத் தலைமை ஏற்றபோது, ஹென்றி பாரோ என்ற கருவிக் கலைஞரைக் கல்கத்தாவுக்கு அழைத்துவந்து இந்தத் தியோடலைட்டை மறுபடி சீரமைக்கச் செய்தார். பாரோவுக்குப் பிறகு அந்தக் கருவிக் கலைஞர் பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? நம் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். கருவிகளைப் புரிந்துகொள்வதிலும் சீராக்குவதிலும் அவருக்கிருந்த ஆற்றலை எவரெஸ்ட் மனமார மெச்சியிருக்கிறார். சிகரத்துக்குச் சூட்டிய பெயர் உலகத்துக்கே தெரியும். அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட துறையின் கருவிகளைப் பார்த்துக்கொண்ட ஆற்காட்டுக்காரரின் பெயர் பலருக்குத் தெரியாது. நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ, தெரிந்த தச்சர், லேத் பட்டறைக்காரர் யாரிடமாவதோ, கோடு தெரியாத ஒரு பழைய அளவுகருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வினிகர் பாட்டிலைத் தேடாதீர்கள். டார்ச், தாள், பென்சில் இவை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன படித்தீர்கள், எந்த எண் முதலில் தெரிந்தது, யார் செய்தது, எந்த ஊர் என்று எங்களுக்கு எழுதுங்கள். பென்சில் பிரதியையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.